இரும்பு இல்லைன்னு சொல்லணும்

வாங்க தம்பி, இப்படி நெழலுக்கு வாங்க. டிராக்டர் அங்கனயே நிக்கட்டும். ஆளுக மரத்த இறக்குவாங்க, நீங்க எதுக்கு வெயில்ல காயுதீங்க? எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க எதுக்குக் காயணும்? சும்மா சொன்னேன், கோவிச்சுக்கிடாதீங்க. பலா நல்லா வயிரம் பாஞ்ச மரம். வீட்டு மரமா? அப்பா வச்சதா? நிலைக்கும் கதவுக்குமா? சந்தோசம். சொந்த மரத்துல நிலை வைக்கதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்.

கரண்டு போயிருக்கு. வந்துரும். வந்ததும் மொத ஓட்டு உங்க மரந்தான். ஏன்னா வேற மரம் கிடையாது. மில்ல சுத்திப் பாருங்க, மரத்தூளு கூடக் காஞ்சு போய்க் கெடக்கு. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் காரியம். அந்தப் பலாத் தடி மேல வலது கைய வச்சு, "இதுக்குள்ள இரும்பு இல்ல"ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எங்க அய்யா காலத்துலருந்து இந்த மில்லுல அதான் வழக்கம். எங்க மரம்னா எங்க பொறுப்பு. மரத்துக்காரன் கொண்டாந்த மரம்னா, அவன் கைய வச்சுச் சொல்லணும். சொன்னாத்தான் தடி டிராலியில ஏறும்.

என்ன முழிக்கீங்க? சாமி சத்தியம் இல்ல, சூடம் அணைக்கச் சொல்லல. கைய வைக்கணும், சொல்லணும். அம்புட்டுத்தான்.

ஆ, அதக் கேக்கீங்களா. ஆத்துப் பக்கம் புதுசா ஒரு மில்லு வந்திருக்கே, அங்க இரும்பு இருக்கான்னு மிசின வச்சுத் தடவிப் பாக்காங்களாமே, கீ கீன்னு கத்துமாமே, அத நீங்களும் வாங்கலாமேன்னு கேக்கீங்க. எம் மவனும் அதைத்தாம் பிச்சுப் பிடுங்குதான். அந்தா, ரம்பத்துக்கு எண்ண விட்டுக்கிட்டு நிக்கான் பாருங்க, அவந்தான் குத்தாலம். ஒரே மவன். போன ஆவணியிலதான் கல்யாணம் முடிச்சேன். டிப்ளமோ படிச்ச பய, கோயம்புத்தூர்ல வேலையில இருந்தான். ரம்பத்துல நிக்க ஆள் கெடைக்காமக் கூட்டியாந்து நிறுத்தியிருக்கேன். எவனும் வரமாட்டேங்கான் தம்பி. மூணு ஊருக்குச் சொல்லிவிட்டுப் பாத்தாச்சு. பெத்த மவன் ஒருத்தன்தான் மாட்டுனான்.

மிசின் விசயத்துக்கு வாரேன். நல்லா யோசிச்சுப் பாருங்க. நான் மிசின வச்சுத் தேடுதேன். ஒண்ணும் கத்தல. ரம்பத்துல ஏத்துதேன். உள்ள ஆணி இருந்து ரம்பம் அறுந்து போச்சு. இப்ப தப்பு யாரு மேல? என் மேல! தேடுனவன் நாந்தான? நான் தேடல, நீங்க கைய வச்சுச் சொன்னீங்க, அப்ப யாரு மேல? உங்க மேல. இது புரியதுக்கு டிப்ளமோ வேணுமா? அந்த மூதிக்குச் சொன்னா மண்டையில ஏறல.

ஊர்ல என்னமும் சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. ஆவுடையப்பன் மில்லா, கையெடுத்த மில்லான்னு கேட்டிருப்பாங்க. எனக்குத் தெரியாதா? ஊரு வாய எந்த உலைமூடிய வச்சு மூட? நானே சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நாயத்தச் சொல்லுங்க.

ரம்பத்துல அப்ப நின்னவன் பேரு அணைஞ்சபெருமாளு. நாங்க அணைஞ்சான்னு கூப்பிடுவோம். நல்ல வேலக்காரன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு புத்தி. எந்தத் தடிய ஏத்துனாலும் கோடாலிப் புறத்தால தட்டிக்கிட்டே வருவான். டொக்கு டொக்குன்னு. காத வச்சுக் கேப்பான். பட்டையச் செத்திச் செதுக்கிப் பாப்பான். ஏல, மரத்துக்கு வைத்தியம் பாக்கியா, மரம் அறுக்கியான்னு ஏசுவேன். கைய வச்சுச் சொல்லியாச்சுல்லா, பொறவு என்ன தட்டு? தட்டுறதுக்கு ஆகுற நேரத்துல இன்னொரு தடி ஓட்டிரலாம். ஏசி ஏசி அந்தப் பழக்கத்தையே விட வச்சேன்.

அப்பதான் அந்தச் சண்டாளன் வந்தான். தவசிக்கண்ணு. மேலக்காட்டுப் பக்கம் வயக்காடு உண்டு. மவ உலகம்மாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தான். கட்டிலும் பீரோவும் தேக்குல வேணும்னு மாப்பிள்ள வீட்டுல கேட்டிருக்காங்க. இவனுக்கு ஏது தேக்கு? எங்க வயல்ல வேப்பமரம் நிக்கு, தேக்கு தோத்துப் போகும்னு சொல்லி, அந்த மரத்த வெட்டி வண்டியில ஏத்திக் கொண்டாந்துட்டான். மாப்பிள்ளையோட தாய்மாமன் ஒருத்தன், வெள்ளையும் சொள்ளையுமா, பைக்குல கூடவே வந்திருந்தான். மரம் நல்ல மரமான்னு கண்ணால பாக்கணுமாம். பொண்ணு பாத்தது போதாதுன்னு மரம் பாக்க வந்தவன்.

மரத்த இறக்கியாச்சு, வாடகை வண்டியும் போயாச்சு. நான் வழக்கம்போல, கைய வச்சுச் சொல்லும்னேன். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? எங்கிட்ட வந்து, மெல்ல, "அண்ணாச்சி, செத்த அந்தப் பக்கம் வாங்களேன், ஒரு வார்த்த சொல்லணும்"ங்கான். எனக்குத் தெரியாதா இந்தச் சோலி? தனியாக் கூட்டிட்டுப் போயி கூலியக் கொறைக்கப் பாக்கான். இவனமாதிரி எத்தன பேரப் பாத்திருப்பேன்! "எதுன்னாலும் இங்கனயே சொல்லும்வே, எனக்கு ரகசியம் கெடையாது"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். அந்தத் தாய்மாமன் திரும்பிப் பாக்கான். தவசிக்கண்ணு வாய மூடிக்கிட்டான்.

சொல்லியிருக்கலாம்லா தம்பி? வாய்ல என்ன கொழுக்கட்டையா? நான் கேட்டேன்லா, எல்லாரும் இருக்கையில கேட்டேன்லா!

பொறவு கைய வச்சான். கையி வேர்த்து வழியுது. "இரும்பு இல்ல"ன்னான். கெணத்துக்குள்ளருந்து வாராப்புல ஒரு சத்தம். "எனக்குக் காது கேக்கல, சத்தமாச் சொல்லும்"னேன். தாய்மாமன் சிரிக்கான். இவன் ரெண்டாந்தரம் சத்தமாச் சொன்னான். சொல்லிட்டு வேட்டியில கையத் தொடச்சான். அதையும் நான் பாத்தேன்.

தடிய ஏத்துனோம். மொதப் பலகை விழுந்துச்சு. அணைஞ்சான் மோட்டார நிறுத்திட்டுக் கூப்பிடுதான். "அண்ணாச்சி, உள்ள கருப்பு ஓடுது. இரும்பு ஊறுன கருப்பு மாதிரித் தெரியுது. பட்டையச் செத்திப் பாத்துரட்டா?"ன்னு கேக்கான். மரத்துக்காரன் பக்கத்துல நிக்கான், கைய வச்சுச் சொல்லி இன்னும் கை ஈரம் காயல, இவன் சந்தேகப்படுதான். மனுசன அவமானப்படுத்தலாமா? "கோட்டிப் பயல, சொன்னவன் அவன். ஒண்ணு ஆச்சுன்னா அவன் தலையில. நீ ஓட்டுல"ன்னேன்.

ஓட்டுனான்.

சத்தம் எப்படிங்கீங்க? தகரக் கொட்டகை மேல தென்ன மரமே முறிஞ்சு விழுந்தா எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம். சக்கரத்துல ஓடுற ரம்பப் பட்டை அறுந்து வெளிய வந்துருச்சு தம்பி. சுத்திக்கிட்டே வந்துச்சு. கொட்டகைக் காலுல ஒரு அடி, கால் ரெண்டாப் பொளந்துச்சு. அங்கன மோதித் திரும்பி அணைஞ்சான் மேல போச்சு. ஒரு சொடக்குப் போடுற நேரம். வலது கையி முழங்கைக்கு மேல துண்டாப் போச்சு. மூஞ்சியிலயும் ஒரு கீறல், கன்னம் தொறந்து பல்லு தெரியுது. ரத்தம் பீச்சி மரத்து மேல அடிச்சுது. வெள்ள வெளேர்னு அறுத்த வேப்பம்பலகை ஒரு நிமிசத்துல செவந்து போச்சு.

அவன் கத்தல தம்பி. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. குனிஞ்சு மரத்தூளுக்குள்ள தேடுதான். மிச்சம் இருக்க கையால, கீழ விழுந்த கையத் தேடுதான். காணாமப் போன செருப்பத் தேடுத மாதிரி தேடுதான். நானும் மனுசன்தான, கல்லா?

குத்தாலம் அன்னைக்கு லீவுல வந்திருந்தான். ஓடிப் போயி தன் கைலிய அவுத்து அணைஞ்சான் தோள இறுக்கிக் கட்டுதான். கட்டிக்கிட்டே "அப்பா வண்டி, அப்பா வண்டி"ன்னு கத்துதான். மில்லுல ஒரே வண்டி, அந்தா நிக்கே லோடு ஆட்டோ, அதான் இருந்துச்சு.

நான் மொதல்ல ஆணியத்தாம் எடுத்தேன். ஆதாரம் வேணும்லா? ஆணிய விட்டா தவசிக்கண்ணு நாளைக்கு இல்லைன்னு சாதிப்பான்லா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருவான்லா? கடப்பாரையக் குடுத்து நெம்புனேன். சட்டுனு வரல, மரம் நல்லாக் கவ்விக்கிட்டு இருந்துச்சு. குத்தாலம் பின்னால கத்திக்கிட்டே இருக்கான். ரெண்டு நெம்பு, மூணு நெம்பு, வந்துச்சு. பட்டத் தலை ஆணி, விரல் நீளம். அதுல என்ன சுத்தியிருந்துச்சுன்னு நெனைக்கீங்க? முடி. பொம்பளப் பிள்ள முடி, ஒரு கொத்து. மரம் அத அப்படியே மூடி வளந்திருந்துச்சு. வெளிய ஒரு வடு கெடையாது.

பாத்ததும் புரிஞ்சு போச்சு. பேய் ஓட்டுன ஆணி. பிள்ள பயந்துருச்சுன்னா கோடாங்கிய வச்சு உடுக்கடிச்சு, உச்சி முடிய ஆணியில சுத்தி மரத்துல அறைவாங்கல்லா, அது. இந்தச் சண்டாளன் அந்த மரத்தையா வெட்டிக் கட்டில் செய்யக் கொண்டாருவான்? மரம் நின்னா, என்னைக்காவது எவனாவது சொல்லிருவான்னு பயம். மரத்தையே இல்லாம ஆக்கிட்டா விசயம் தீந்து போகும்னு நெனச்சிருக்கான். அதுக்கு எங்க மில்லுதான் கெடைச்சுதா?

நிமுந்து பாக்கேன், ஆளக் காணும். தாய்மாமன் பைக்குல ரெண்டு பேரும் போறாங்க, தூசி பறக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கண்ணு ரெண்டும் இருட்டிப் போச்சு. மரம் புரட்டுற கம்பிய எடுத்து ஆட்டோவுல போட்டேன், ஏறுனேன், விட்டேன். குத்தாலம் அணைஞ்சானத் தோள்ல தூக்கிக்கிட்டு வண்டிக்குத்தான் வந்திருக்கான். வண்டி போகவும் பின்னாலயே ஓடியாரான். "அப்பா நில்லுங்க, அப்பா நில்லுங்க"ங்கான். நான் திரும்பியா பாப்பேன்? குத்தவாளி ஓடுதான் தம்பி!

அணைஞ்சான ஒண்ணும் விட்டுரல. பொறவு பால் வண்டி ஒண்ணு வந்திருக்கு, அதுல ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. டாக்டரு, "கொஞ்சம் முந்தி வந்திருந்தா கையி ஒட்டுறதுக்குப் பாத்திருக்கலாம், ரத்தமும் இம்புட்டுப் போயிருக்காது"ன்னாராம். முந்தி எப்படி வர? வண்டி என்கிட்டல்லா இருந்துச்சு? அந்தச் சண்டாளன் ஓடாம நின்னிருந்தா நான் எதுக்கு வண்டிய எடுக்கப் போறேன்? நின்ன இடத்துலயே நாலு சாத்து சாத்திட்டு வண்டிய விட்டுருக்க மாட்டேனா? அப்ப, கை போனதுக்கும் அவன்தான் காரணம், கையி ஒட்டாமப் போனதுக்கும் அவன்தான் காரணம். கணக்குச் சரிதான?

அவன் வீட்டு வாசல்லயே பிடிச்சுட்டேன். பந்தக்கால் நட்டிருக்கு, மாவிலை கட்டியிருக்கு. பொம்பளையாளுக பலகாரம் சுட்டுக்கிட்டு இருக்காங்க. தவசிக்கண்ணு பைக்க விட்டு எறங்குதான். ஒரே அடி, கம்பியால, முட்டில. விழுந்தான். விழுந்தவன் நெஞ்சுல ஏறி மிதிச்சேன். எலும்பு முறியுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. "அண்ணாச்சி, அண்ணாச்சி"ங்கான், கையெடுத்துக் கும்பிடுதான். கும்பிட்ட கையிலயே அடிச்சேன். எந்தக் கைய வச்சுப் பொய் சொன்னான்? அந்தக் கையி! "இந்தக் கைதானல, இந்தக் கைதானல"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். விரலுக ஒண்ணுகூட நேரா இல்ல. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?

பொம்பளையாளுக அலறுதாங்க, தெருவே கூடிருச்சு. நான் ஆணியத் தூக்கிப் பிடிச்சேன். முடி தொங்குது. "ஏ ஊராளே, பாத்துக்கோங்க! இது யாரு முடி? இது எந்தப் பிள்ளைக்கு அடிச்ச ஆணி? ஒருத்தன் கைய எடுத்துருக்கு இது"ன்னு கத்துனேன். நாலு பேருக்குத் தெரியணும்லா? தாய்மாமன் பக்கத்துலதான் நிக்கான். தவசிக்கண்ணு தரையில கெடந்து என் கால கட்டிக்கிட்டான். "அடிங்க அண்ணாச்சி, கொன்னுகூடப் போடுங்க, அத மட்டும் சொல்லாதீங்க"ங்கான். ரத்தமும் எச்சிலுமா என் வேட்டியெல்லாம் ஒழுகுது.

அப்ப அந்தப் பிள்ள வந்துச்சு. உலகம்மா. தலையில எண்ண வச்சு, மஞ்சளப் பூசிக்கிட்டு நிக்கு. கையில உலக்க. மாவு இடிக்க உலக்க. எடுத்து என் வாயில ஒரு போடு போட்டுச்சு. இந்தா பாருங்க, இந்த முன் பல்லு பூராக் கட்டுனது. ரெண்டாவது அடி தோள்ல, இன்னைக்கும் கைய மேல தூக்க முடியாது. நான் மல்லாக்க விழுந்தேன். நெஞ்சு மேல உலக்கைய ஊணிக்கிட்டு நின்னுச்சு. "எம் முடிதான். சின்னப் பிள்ளையில கெணத்துல விழுந்து பயந்ததுக்குக் கோடாங்கி அடிச்ச ஆணி. எனக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எங்கப்பன இன்னொருக்கத் தொட்ட, மண்டையப் பொளந்துருவேன்"னு சொல்லுச்சு. நாக்குக் கொழறல, கண்ணு கலங்கல. தெருவே பாத்துச்சு. பொட்டப் பிள்ளைக்கு எம்புட்டுத் திமிருங்கீங்க!

தாய்மாமன் காறித் துப்புனான். "பேய் புடிச்ச கழுதைய எங்க வீட்டுல கட்டி விடப் பாத்தீங்களால"ன்னான். சொல்லி முடிக்கல, அந்தப் பிள்ளையோட சித்தப்பன் மவன் ஒருத்தன் கரண்டியோட கொதிக்க எண்ணெயக் கோரி அவன் மேல விசிறிட்டான். வெள்ளச் சட்ட முதுகோட ஒட்டிப் போச்சு. அவன் உருளுதான். பந்தக்காலப் பிடுங்கி ஒருத்தன் மண்டையில ஒருத்தன் அடிக்கான். பலகாரம் பூரா மிதிபட்டுக் கூழாப் போச்சு. யாரு யார அடிக்கான்னு தெரியல. என்னையும் ஒரு பிடி பிடிச்சாங்க. திண்டாடிப் போனேன். போலீஸ் ஜீப்பு வந்துதான் எல்லாரையும் பிரிச்சுது.

இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க. நான் ஆணிய அடிச்சேனா? நான் பொய் சொன்னேனா? கல்யாணத்த நான் நிறுத்தினேனா? ஆணிய ஊரறியக் காட்டுனேன். உள்ளதக் காட்டுனேன். அதுக்கு அந்தக் கல்யாணம் நின்னு போச்சுன்னா நான் என்ன செய்ய? அந்தப் பிள்ளைக்கு இன்னும் வரன் அமையலையாம். கேக்கையில பாவமாத்தான் இருக்கு. ஆனா பொய் சொல்லுற அப்பனுக்குப் பொறந்தா அனுபவிக்கத்தான் வேணும்.

எனக்கு அதெல்லாம் பெரிசில்ல தம்பி. எனக்கு ஆறாத விசயம் அணைஞ்சான். தவசிக்கண்ணு மேல நான் குடுத்த கேசு நிக்கணும்னா அணைஞ்சான் வாயால ஒரு வார்த்த வேணும். "தவசிக்கண்ணு பொய் சொன்னதால என் கை போச்சு"ன்னு. அம்புட்டுத்தான். ஆசுபத்திரியில வச்சுப் போலீசு கேட்டிருக்கு. "ரம்பம் அறுந்துச்சு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டானாம். யாரு பேரையும் சொல்லல.

நான் போனேன். பல்லு போயி வாய் வீங்கிக் கெடக்கு, அதோட போனேன். ஆரஞ்சு, ஆர்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். "ஏல, சொல்லுல, அவன் பேரச் சொல்லுல, உனக்காகத்தானல நான் பல்ல எழந்தேன்"னு கெஞ்சினேன். அவன் மூஞ்சில பாதி துணி. அதுக்குள்ளருந்து ஒண்ணு கேட்டான். "அண்ணாச்சி, அன்னைக்கு வண்டி எங்க போச்சு?"

எப்படி இருக்கும் எனக்கு? கைய எடுத்தவன விட்டுட்டான், வண்டியக் கேக்கான். உப்பத் தின்னவன் கேக்க கேள்வியா இது? அவனுக்காக ஒருத்தன அடிச்சு அரை உசுரா ஆக்கியிருக்கேன், ஜெயிலுக்குப் போகத் துணிஞ்சிருக்கேன், அதுக்கு ஒரு நன்றி கெடையாது. மருந்து தொங்கப் போட்டிருந்த கம்பியத் தூக்கிட்டேன் நான். ஆமா, அவன அடிக்கத்தான். நர்சம்மா குறுக்க விழுந்துட்டாங்க, இல்லைன்னா அன்னைக்கு அவனுக்கும் ஒரு வழி பண்ணியிருப்பேன். இப்ப அந்தத் துரோகி எங்க இருக்கான் தெரியுமா? ஆத்துப் பக்க மில்லுல. ஒத்தக் கையில அந்த மிசினப் பிடிச்சுக்கிட்டு, வார தடியெல்லாம் தடவிப் பாக்குற வேல. ஊரெல்லாம் மரத்த அங்கதான் கொண்டு போகுது.

பொறவு கேசும் ராசியாப் போச்சு. தவசிக்கண்ணுக்கு இப்ப அந்தக் கையால சோறு பெசைய முடியாதாம். சரிக்குச் சரின்னு விட்டுட்டேன். எனக்கு யாரு மேலயும் பகை கெடையாது.

இந்தா, கரண்டு வந்துட்டு. லைட்டு எரியுது பாருங்க. குத்தாலம், தடியத் தள்ளுல! வாங்க தம்பி, பேச்சு வாக்குல மறந்துட்டோம். கைய வைங்க.

என்ன?

என்ன சொல்லுதீங்க? அப்பா துணிக்கொடி கட்டதுக்கு ஆணி அடிச்சிருப்பாரோன்னு சந்தேகமா? மாடு கட்ட வளையம் ஒண்ணு இருந்த ஞாபகமா? எந்த எடம்னு தெரியலையா?

அத ஏன் எங்கிட்டச் சொல்லுதீங்க! இம்புட்டு நேரம் என்னத்தக் கேட்டீங்க நீங்க? நான் சந்தேகத்தக் கேட்டேனா? இல்லைன்னு சொல்லச் சொன்னேன். தெரியலைல்லா? தெரியலைன்னா இல்லைன்னுதான் அர்த்தம். கைய வைங்க. சந்தேகத்த மனசுக்குள்ள வச்சுக்கோங்க, இல்லைன்னு வாயால சொல்லுங்க, சோலி முடிஞ்சுது.

ஆத்துப் பக்க மில்லுக்கா? தடிய எறக்கியாச்சு ஓய், இன்னும் என்ன ஆத்துப் பக்கம், குளத்துப் பக்கம்? எத்தன நாளைக்குப் பொறவு ஒரு மரம் வந்திருக்குன்னு உமக்குத் தெரியுமா? டிராக்டர்க்காரா, சாவியப் பிடுங்கிருவேன், எறங்குல கீழ! நில்லும்வே. எங்க போறீரு? கையக் குடும். குடும்ங்கேன்! என்ன பலத்தக் காட்டுதீரு எங்கிட்ட? ஒத்தத் தோளு போனாலும் மரம் புரட்டுன ஆளு நான். இந்தா, வச்சாச்சு. அமுக்குதேன், எடுக்காதீரு. தோலு உரிஞ்சா உரியட்டும். சொல்லும். சொல்லும்! இரும்பு இல்ல. ஆங்? காது கேக்கல. சத்தமா!

பாத்துக்கிட்டீங்களால எல்லாரும்? சொன்னாரு. அவரு வாயால சொன்னாரு.

குத்தாலம், போடுல மோட்டார. என்னது? நிக்க மாட்டியா? "அவருதான் சந்தேகம்ங்காரேப்பா"ங்கியா? அடி செருப்பால! அப்பனுக்கே நாயம் சொல்லுதியா? இந்தா வாங்கிக்கோ. இன்னொண்ணு வேணுமா? கன்னத்தத் தொடைக்காத, போயி நில்லு. அழுதுக்கிட்டு நிக்காதல, பொண்டாட்டி கட்டுன பய. தள்ளு, இன்னும் உள்ள தள்ளு. நீ எதுக்குல பயப்படுத? நான் இவரு கைய விடல, பாரு, கெட்டியாப் பிடிச்சிருக்கேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பா இவர உசுரோட விட்டுருவேனா? ஓட்டுல.